டைட் பார்த்த ரேடியோ

அந்த ரேடியோவைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடச் சொல்லி அப்பா சொன்னபோது எனக்கு வந்த கோபத்தில், கோப்பையை மேசையில் வைத்த வேகத்துக்குத் தேத்தண்ணி பாதி சிந்திவிட்டது. எனக்குக் கோபம் சட்டென்று வரும். பதுளையில் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலை எனக்கு. கீழே போட்டு உடைத்துவிட்டு, "தானாவே நின்னு போச்சு மிஸ்" என்று மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி வளர்ந்த கோபம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அம்மாவைப் பார்க்கப் பசறை பஸ் ஏறும்போது அதையும் கூடவே கொண்டுபோய்விடுவேன்.

அது பாட்டுக் கேட்பதற்கென்று செய்த ரேடியோ அல்ல. கப்பல்களிலும் தந்தி நிலையங்களிலும் ஓர் ஆள் உட்கார்ந்து, தூரத்திலிருந்து வரும் மெல்லிய குரல்களைப் பிடிப்பதற்கென்று செய்த ரிசீவர். சாம்பல் நிற இரும்புப் பெட்டி. முகப்பு முழுக்கத் திருகுகள், நடுவில் அரைவட்டக் கண்ணாடி, அதற்குள் ஒரு முள். உள்ளே எல்லாம் கண்ணாடி வால்வு. தேயிலைத் தோட்டத்துப் பங்களாவை ஒருமுறை காலி செய்தபோது வெளியே தள்ளிய சாமான்களில் கிடந்ததை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் ஒற்றைக் காம்பராவில் ஆட்களுக்கே படுக்க இடமில்லாதபோது அந்தப் பெட்டிக்கு இடம் கிடைத்ததை அம்மா இன்றுவரை மறக்கவில்லை. தனிவீடு கட்டிக் குடிபோன அன்று, "மொதல்ல உங்க பெரிய சம்சாரத்தக் கொண்டுபோயி உள்ள வைங்க" என்றாள்.

அப்பா ஸ்டோரில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டராக இருந்தவர். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழுந்தை உருட்டும் ரோலர்கள் போடும் இரைச்சலில் ஆயுளைக் கழித்தவர்களுக்குக் கடைசியில் காது போவது வழக்கம். அப்பாவோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் இன்றைக்குக் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். அப்பா மட்டும் தப்பித்துவிட்டார். அப்படித்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். அதை அவருக்குச் சொன்னது டாக்டர் அல்ல, இந்த ரேடியோ.

காலையில் தேத்தண்ணி குடித்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்காருவார். தமிழ்நாட்டில் லைசன்ஸ் வாங்கி, வீட்டிலேயே ஒலிபரப்புக் கருவி வைத்து, பொழுதுபோக்காக ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ரிசீவரில் அவர்கள் பேச்சு முதலில் வாத்துக் கத்துவதுபோல் கேட்கும். ஒரு திருகை மயிரிழை திருப்பினால் வாத்து மனிதனாகிவிடும். திருச்சிக்காரர் ஒருவர் வெயிலை ஏசுவார். மதுரைக்காரர் ஒருவர் முட்டுவலிக்கு மருந்து சொல்வார். "அப்படியே நம்ம பேச்சும்மா" என்று அப்பாவுக்குத் தினமும் புதிதாக ஆச்சரியம் வரும். எங்கள் முன்னோர் கப்பலேறியது அந்தப் பக்கத்திலிருந்துதான் என்பதை அவர் புத்தகத்தில் படித்தவர் இல்லை, காதால் கேட்டுத் தெரிந்துகொண்டவர்.

அவர்களில் ஒருவருடைய குரல் எல்லோருடையதையும்விட மெலிசு. கருவி சின்னது போலிருக்கிறது. பெரும்பாலும் தன் வீட்டு முருங்கை மரத்தைப் பற்றித்தான் பேசுவார். அப்பா அவருக்குச் சன்னக்குரல்காரர் என்று பெயர் வைத்திருந்தார். இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் அந்தக் குரலைப் பொறுக்கி எடுத்துவிட்டால், அன்றைய பரீட்சையில் அப்பாவின் காது பாஸ்.

ஒரு தீபாவளிக்குப் பிறகு சன்னக்குரல்காரர் காணாமல் போனார். திருச்சிக்காரரும் மதுரைக்காரரும்கூடக் கேட்கவில்லை. பெரிய பெரிய வானொலி நிலையங்கள் மட்டும் வழக்கம்போல் முழங்கிக்கொண்டிருந்தன. அந்தச் சமயம் அப்பா கடுமையான சளிக்காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் எழுந்திருந்தார். பெரிய சத்தம் வருகிறது, ஆகவே ரேடியோ நன்றாக இருக்கிறது. மெல்லிய சத்தம் வரவில்லை, ஆகவே போனது தன் காது என்று அவர் முடிவு கட்டினார். கூட வேலை செய்தவர்களுக்கெல்லாம் வந்தது தனக்கும் வந்துவிட்டது. இனி மிச்சமும் போகும்.

அதை அவர் யாரிடமும் விளக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கினார். ஓய்வு பெற்ற பிறகும் ஸ்டோரிலிருந்து அவருக்குப் போன் வரும். ஓடுகிற ரோலருக்குப் பக்கத்தில் போனைப் பிடிப்பார்கள்; அப்பா இங்கிருந்தே கேட்டுவிட்டு எந்த பேரிங் போகிறது என்று சொல்வார். அதையும் விட்டுவிட்டார். "என் காத நம்பி மெஷின ஓட்டாதீங்கப்பா" என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். நான் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதைக் கேட்டாலும் "ம்" தான். அவர் கேட்காமல் விட்டது ஒன்று என்றால் கேட்டது நூறு. ஆனால் தன் காதை நம்பாதவருக்குத் தவறிய ஒன்றுதான் கணக்கு.

"ஆஸ்பத்திரிக்கு வாங்கப்பா, காதச் சோதிச்சுப் பாத்துருவோம்" என்று நான் ஒவ்வொரு வாரமும் கத்தினேன்.

"பாத்து? போனது திரும்பியா வரப்போகுது?" என்பார். பிறகு பழையபடி "ம்".

இரும்புக்காரன் பேச்சு வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "கண்ண மூடிக்கிட்டுப் போடுறதுக்கு முன்னால ஒருவாட்டி நான் பாக்குறேன்" என்றேன். அப்பா வாசல் நாற்காலிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

இவ்வளவு பழைய பெட்டியை நேரே கரண்டில் போடக் கூடாது. ஒரு பல்பைத் தொடராகப் போட்டு மெதுவாக உயிர் கொடுத்தேன். வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. சூடான தூசி வாசனை வந்தது. ஒரு பெரிய நிலையம் கிடைத்தது. அப்போதுதான் கவனித்தேன். அந்த நிலையம் நிற்கும் இடத்தில் அப்பா கண்ணாடிமேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். முள் இப்போது அதைவிட்டு வெகுதூரம் தள்ளி நின்றது.

"அப்பா, முள்ளு எப்ப நகந்துச்சு?"

"நூலு எளகியிருக்கும்," என்றார் திரும்பாமலே.

முள்ளை இழுக்கும் நூல் விறைப்பாகத்தான் இருந்தது. காது கெட்டால் சத்தம் குறையும். முள் ஏன் நகர வேண்டும்? இத்தனை மாதமும் அந்த முள் எல்லோர் கண்ணுக்கும் எதிரே நின்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

மூடியைக் கழற்றினேன். இப்படி வேலை செய்கிறவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கம்பிகள் சேலை மடிப்புபோல் சீராக மடங்கி ஓடின. ஒவ்வொரு பற்றவைப்பும் மினுங்கியது. நான் தினமும் திறக்கும் கருவிகளில் ஒரு பலகை போனால் முழுப் பலகையையும் தூக்கி எறிய வேண்டியதுதான். இதில் எதையும் கழற்றலாம், எதையும் மாற்றலாம். நாளைக்கு இன்னொருத்தி வந்து திறப்பாள், அவளுக்குக் கை போக இடம் வேண்டும் என்று யாரோ நினைத்துச் செய்திருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டு ஒரு வாய் தேத்தண்ணி கொடுத்ததுபோல் இருந்தது.

கசிந்துபோன பழைய கண்டன்சர்களை அடுத்தடுத்த ஞாயிறுகளில் மாற்றினேன். உறுமல் குறைந்ததே தவிர, ரேடியோ இன்னும் செவிடாகவே இருந்தது. பிறகுதான் உள்ளே வரிசையாக நின்ற அலுமினியக் குப்பிகளை நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன்.

அந்தக் குப்பிகளுக்குள் கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒவ்வொரு குப்பியின் தலையிலும் ஒரு பித்தளைத் திருகு நீட்டிக்கொண்டிருக்கும். அது எதையும் பிடித்து நிறுத்துகிற திருகு அல்ல. வீணையின் முறுக்காணி மாதிரி. அது நிற்கும் இடம்தான் சுருதி. எல்லாக் குப்பிகளும் ஒரே சுருதியில் நின்றால்தான் மெல்லிய குரல் உள்ளே வரும். இங்கே ஒரு திருகுகூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. எல்லாம் அடிவரை இறங்கியிருந்தன, ஒன்றுபோல, ஒரே அழுத்தத்தில். பக்கத்தில் இருந்த டிரிம்மர் என்னும் சின்னத் திருகுகளும் அப்படியே.

அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். அம்மா யோசிக்கவே இல்லை. "தீவாளிக்கு வீடு தொடச்சப்ப அதையும் கழட்டித் தொடச்சாருல்ல. உள்ள எல்லாம் லூசா கெடக்குன்னு ஒண்ணு விடாம டைட் பாத்து வெச்சாரு" என்றாள்.

டைட் பார்ப்பது என்றால் ஸ்டோரில் பூசை மாதிரி. ரோலர் ஓடினால் கட்டடமே அதிரும்; அதிர்ச்சியில் எந்த நட்டும் தானாக இளகும்; இளகிய ஒரு நட்டு ஒருவன் கையை எடுத்துவிடும். அதனால் காலையில் மெஷினைப் போடுவதற்கு முன்னால் பிட்டர் ஸ்பேனரோடு ஒரு சுற்று வந்து எல்லாவற்றையும் டைட் பார்ப்பார். அப்பா அதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அவர் காலத்தில் அந்த ஸ்டோரில் யாருக்கும் ஒரு விரல்கூடப் போனதில்லை. அப்படிப்பட்டவர் கண்ணுக்கு எதிரே, பாதி வெளியே நீட்டிக்கொண்டு அத்தனை பித்தளைத் திருகுகள் நின்றால் சும்மா விடுவாரா?

எனக்கு வந்த கோபத்தில் ஸ்குரூ டிரைவரைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. உடனே சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் பயம். அப்பாவின் காதில் ஒன்றும் இல்லை என்று நான் சொல்ல வேண்டுமானால், கெடுத்தது அவர் கை என்றும் சொல்ல வேண்டும். என் கை பட்டு ஒரு மெஷினும் நின்றதில்லை என்பதுதான் அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற ஒரே பெருமை. சம்பள உயர்வு கேட்கப் போனபோதுகூட அதைத் தவிர வேறு எதையும் அவர் சொன்னதில்லை. காதைக் கொடுத்துவிட்டுக் கையைப் பிடுங்கவா? அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினேன். பதுளை வந்ததுகூடத் தெரியாமல் அதையே யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் கொழும்பில் பழைய சாமான் கடை ஒன்றில் வாங்கிய சிக்னல் ஜெனரேட்டரோடு போனேன். நமக்கு வேண்டிய அலையைச் சின்ன அளவில் உண்டாக்கிக் கொடுக்கும் கருவி அது. அந்த அலையை ரேடியோவுக்குள் விட்டு, அலையின் பலத்தைக் காட்டும் முகப்பு மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு திருகாகத் திருப்ப வேண்டும். மீட்டர் எங்கே உச்சிக்குப் போகிறதோ அங்கே சுருதி. இரும்பு ஸ்குரூ டிரைவர் பட்டாலே சுருதி மாறும் என்பதால் அம்மாவின் பிளாஸ்டிக் பின்னல் ஊசி ஒன்றின் நுனியை அரம் போட்டுத் தட்டையாக்கிக்கொண்டேன். ஸ்வெட்டர் பாதியில் நிற்கிறது என்று அம்மா முறைத்தாள்.

முதல் குப்பியின் தலையைத் துணியால் துடைத்தபோது ஒரு கீறல் தெரிந்தது. மெல்லிய நேர்கோடு. திருகின் தலையில் பாதி, குப்பியின் உடம்பில் பாதி. இரண்டு பாதியும் இப்போது ஒன்றுக்கொன்று விலகி நின்றன. அடுத்த குப்பியைத் துடைத்தேன். அதிலும் கோடு. எல்லாவற்றிலும். டிரிம்மர் திருகுகளில்கூட.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. தெரியாத மெஷினில் கை வைக்கிற பிட்டர், நட்டைத் தொடும் முன்னால் அதன்மேல் ஒரு கோடு இழுத்துக்கொள்வார். அது முன்பு எப்படி நின்றது என்பதற்கு அடையாளம். அப்பா டைட் பார்த்தது தவறுதான். ஆனால் தனக்குத் தெரியாத ஒன்றைத் தொடுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் தொடும் முன்னால், அது இருந்த இருப்பை ஊசியால் எழுதி வைத்துவிட்டுத்தான் தொட்டிருக்கிறார். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும், தீபாவளி அவசரத்திலும், ஒன்றுகூட விடாமல். ஆஸ்பத்திரியில் கருவிகளைத் திறந்து கை வைத்தவர்களில் பாதிப் பேர் இப்படி ஒரு கோடு போட்டிருந்தால் என் தலைமுடி இன்னும் கறுப்பாக இருந்திருக்கும். அவர் மேல் எனக்கு அப்படி ஒரு மரியாதை வந்தது. வாசலில் தெரிந்த அந்த முதுகைப் பார்த்துக் கும்பிடலாம் போலிருந்தது.

கோடு முழுச் சேதியையும் சொல்லாது. எத்தனை சுற்று இறங்கியது என்று அதற்குத் தெரியாது. எந்தத் திசையில் நின்றது என்று மட்டும்தான் தெரியும். சுற்றைச் சொல்ல மீட்டர் இருக்கிறது. கடைசிக் குப்பியிலிருந்து தொடங்கினேன். பின்னல் ஊசியால் ஒரு சுற்று மேலே எடுத்தேன், இன்னும் ஒன்று. மீட்டர் அசைந்தது. மெல்ல ஏறியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கியதும் ஒரு சொட்டுத் திருப்பி உச்சியிலேயே நிறுத்தினேன். குனிந்து பார்த்தேன். இரண்டு பாதிக் கோடுகளும் ஒரே கோடாகச் சேர்ந்து நின்றன.

என்னை அறியாமல் "அடடா" என்று கத்திவிட்டேன். எங்கோ தூர தேசத்தில் இதைச் சுருதி சேர்த்தவர், இங்கே கோடு போட்டு வைத்த அப்பா, என் மீட்டர், மூன்று பேரும் ஒரே இடத்தைக் காட்டினார்கள். அடுத்ததும் அப்படித்தான். ஒன்று மட்டும் கோட்டிலிருந்து கொஞ்சம் விலகித்தான் உச்சிக்குப் போனது. அதற்குப் பக்கத்துக் கண்டன்சரை மாற்றியவள் நான்தானே, பழி என்மேல்தான். பிறகு முள்ளைச் சரிப்படுத்தும் வேலை. அது பொறுமையைச் சோதிக்கும். ஒரு கோடியில் சரி செய்தால் மறு கோடி நகரும், அதைச் சரி செய்தால் இது நகரும். போய்ப் போய் வந்து கடைசியில் இரண்டும் சமாதானமாயின. எனக்கு இவ்வளவு பொறுமை உண்டென்று அம்மாவே நம்பவில்லை.

பௌர்ணமிப் போயா லீவுக்கு முந்தின நாளே போய்த் தங்கினேன். காலையில் அப்பாவின் முன்னால் ஹெட்போனை நீட்டினேன்.

"வேணாம்மா," என்றார்.

"ஒருவாட்டி மாட்டுங்க. ஒண்ணும் கேக்கலேன்னா இரும்புக்காரனுக்கு நானே போன் போடுறேன்."

மாட்டினார். திருகில் கை வைத்தார். விரல்கள் தாமாகவே இடம் கண்டுபிடித்தன. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் விரல் நின்றது. மறு கை சின்னத் திருகை மயிரிழை திருப்பியது. மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு மிக மெதுவாகச் சொன்னார்:

"முருங்க மரம் காத்துல சாஞ்சிருச்சாம்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். "என்ன போயிருந்துச்சு இதுல?" என்று கேட்டார்.

"கண்டன்சருப்பா. வயசாயிருச்சுல்ல."

ஆஸ்பத்திரியில் எத்தனை பொய்யைக் கண்டுபிடித்திருக்கிறேன், எனக்கு ஒழுங்காக ஒரு பொய் சொல்ல வராது. அப்பா எழுந்து மூடியைத் தூக்கினார். குப்பிகளின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த திருகுகளைப் பார்த்தார். கோடுகளைப் பார்த்தார். ஒரு விரலால் ஒன்றைத் தடவினார்.

"நாந்தானா?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவர் முகம் சுருங்கும் என்றுதான் காத்திருந்தேன். அப்பா தன் வலது கையைத் தூக்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கைதானா! அட, கைதானாம்மா!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். அம்மாவிடம் போய், "ஏய், காதுல ஒண்ணுமில்ல, நாந்தான் கெடுத்திருக்கேன்!" என்றார். பக்கத்து வீட்டு வேலிக்குப் போய் அங்கேயும் சொன்னார். ஸ்டோருக்குத் தானே போன் போட்டு, நல்ல ரேடியோ ஒன்றைத் தான் எப்படி நாசமாக்கினேன் என்று முழுக் கதையையும் சொன்னார். ஆயுளில் ஒரு தவறையும் ஒப்புக்கொள்ளாத மனுஷன், கலியாணச் சேதி சொல்வதுபோல் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை இவ்வளவு நாள் பார்த்தும் அவருக்கு எது பெரிது என்று எனக்குத் தெரியாமல்தான் இருந்திருக்கிறது.

எல்லாம் அடங்கிய பிறகு எனக்குப் பழைய கோபம் எட்டிப் பார்த்தது. "காது போச்சுன்னு நெனச்சா வாயுமா போச்சுப்பா? வாரா வாரம் வந்தா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு, ஒரு வார்த்த பேசாம? என்மேல என்ன கோவம்?"

"கோவமா?" அப்பா என்னை வினோதமாகப் பார்த்தார். "காது போகப்போகுதுன்னு எனக்கு முடிவாயிருச்சு. நீ வாரதே வாரத்துல ஒரு நாளு. நான் பேசினா அந்த நேரத்துக்கு உன் சத்தம் கொறையும்ல. இருக்கும்போதே கேட்டு வெச்சுக்குவோம்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பேசியதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன்.

"நான் ஏசுனதத்தானேப்பா கேட்டிருப்பீங்க."

"ஆமா," என்றார் அப்பா. "அதத்தான் கேட்டு வெச்சிருக்கேன்."